கதம்பைத் தண்ணீர்

லாசரஸ் மின்சார வாரிய வேலையை ராஜினாமா செய்தபோது அலுவலகத்தில் யாரும் அதை நம்பவில்லை. லைன் இன்ஸ்பெக்டர் பதவி, பென்ஷன் உள்ள வேலை, நாகர்கோவிலை விட்டு மாற்றமும் கிடையாது. மேலதிகாரி அவனை உட்காரவைத்து, "சிங்கப்பூர்ல உனக்கு என்ன வேல கெடச்சிருக்கு?" என்று கேட்டார்.

"எனக்கு இல்ல சார். எம் பொண்டாட்டிக்காக்கும்," என்றான் லாசரஸ்.

மனைவி அற்புதமேரி கொளச்சலில் ஒரு கயிற்றுத் தொழிற்சாலையின் சோதனைக்கூடத்தில் வேலை பார்த்தவள். கெமிஸ்ட்ரி படித்தவள். தேங்காய் நாரைச் சுருட்டி விரித்து, ரப்பர் பால் தெளித்து, சூடான அச்சில் அழுத்தி எடுத்தால் மெத்தைபோல அமுங்கி எழும் தகடு கிடைக்கும். ஊரில் அதில் மெத்தை செய்தார்கள், பஸ் இருக்கை செய்தார்கள். மேரி சின்னச் சின்ன அச்சுகள் அடிக்கச்சொல்லி மூலைத் துண்டுகள் செய்து பார்த்தாள். ரேடியோ, கண்ணாடிச் சாமான் முதலியவற்றைப் பெட்டிக்குள் ஆடாமல் பிடித்துக்கொள்ளும் துண்டுகள். தெர்மோகோல் செய்கிற வேலையை அவை செய்தன. வேலை முடிந்தபின் வாழைக்கு அடியில் புதைத்தால் மண்ணோடு மண்ணாகவும் போயின.

அந்தத் துண்டுகளைத் தங்கராஜு ஒரு பொருட்காட்சியில் பார்த்தார். சிங்கப்பூர் கெர்பாவ் ரோட்டில் அட்டைப்பெட்டி வியாபாரம் செய்பவர். தாத்தா காலத்திலேயே சிங்கப்பூருக்குப் போன குடும்பம். சுசீந்திரம் கோயிலுக்கு வந்திருந்தவர் மழைக்காகப் பொருட்காட்சிக்குள் ஒதுங்கினார். ஒரு துண்டை எடுத்துக் கட்டைவிரலால் அழுத்தினார், அது எழும்பியது. மறுபடியும் அழுத்தினார்.

"எங்க ஊருல ஒவ்வொரு ஃபேக்டரியும் ஸ்டைரோஃபோமை, அதான் உங்க தெர்மோகோலை, மலை மலையா வாங்குறான்மா," என்றார். "எரிச்சா கரும்புகை, புதைச்சா அப்படியே கிடக்கும். தேங்காமட்டை அங்க குப்பை, சும்மாவே அள்ளிக்கலாம். ரப்பர் பால் ஜொகூர்ல இருந்து வந்துரும். நீங்க வந்தா போதும்."

இப்படித்தான் 1981-இல் இருவரும் புறப்பட்டார்கள். மகள் ஜெசிந்தாவைக் கான்வென்ட் விடுதியில் சேர்த்தார்கள். "ஒரு வருஷம்தான் மக்களே," என்று மேரி அவளிடம் சொன்னாள். சொன்னபோது அதை நம்பினாள்.

தங்கராஜு சிங்கப்பூரின் வடகோடியில், கிராஞ்சியில், ஒரு கொட்டகை பிடித்துக் கொடுத்தார். முன்பு யாரோ கோழி வளர்த்த இடம். சுற்றிலும் காய்கறித் தோட்டங்களும் ஆர்கிட் நாற்றங்கால்களும், கொஞ்சம் மேலே ஒரு சீனரின் பன்றிப் பண்ணையும் இருந்தன. கடல் பக்கம் கைவிடப்பட்ட இறால் குட்டை ஒன்று இருந்தது. கதம்பையை ஊறப்போட அது தோது என்று மேரி தேர்ந்தெடுத்தாள். தேங்காய் மட்டைக்கு அவர்கள் ஊரில் கதம்பை என்றுதான் பெயர். அவர்களுக்கு லாரி ஓட்டிய மலாய்க்காரன் அஸ்மத்தும் சில வாரங்களில் "கதம்ப, கதம்ப" என்றே சொல்லத் தொடங்கிவிட்டான்.

அஸ்மத் மார்க்கெட் மார்க்கெட்டாகப் போய் மட்டை அள்ளி வருவான். காலையில் அவனுடைய லாரியிலேயே இவர்களும் ஏறிக்கொள்வார்கள், பஸ்ஸை நம்பினால் பாதி நாள் போய்விடும். கெர்பாவ் ரோட்டில் தங்கராஜு கடைக்கு மேலே ஓர் அறை. ஞாயிறானால் ஓஃபிர் ரோடு லூர்து மாதா கோயிலில் தமிழ்ப் பூசை. மற்ற நாளெல்லாம் கொட்டகை. குட்டையின் நாற்றம் மேரியின் தலைமுடியில் ஏறி, எந்த ஷாம்புவுக்கும் இறங்கவில்லை. பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்த பெண் எழுந்துபோய் வேறு இடத்தில் உட்கார்ந்தபோது லாசரஸ் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டான்.

முதல் வருஷம் முழுக்கத் தோல்விதான். ரப்பர் பால் அந்த ஈரக் காற்றில் காயவில்லை. ஜொகூரிலிருந்து வந்த பாலில் அம்மோனியா கூடுதல். அச்சில் வைத்தால் தகடு நொறுங்கியது. பிறகு பூஞ்சை பிடித்தது. ஒவ்வொன்றையும் மேரி ஒரு வழியாகச் சரிசெய்தாள். டிசம்பர் மழையில், குட்டையிலிருந்து எடுத்த நாரைக் கொட்டகைக்கு வெளியே குவித்து வைத்து, அதிலிருந்து செய்த துண்டுகள்தான் முதன்முதலாக உருப்படியாக வந்தன. தங்கராஜு அவற்றை ஒரு பையில் போட்டுக்கொண்டு பிடோக்கில் இருந்த தொழிற்சாலை ஒன்றுக்குப் போனார். கேஸட் ரெக்கார்டர் செய்து ஐரோப்பாவுக்கு அனுப்புகிறவர்கள். அங்கே பெட்டியை உயரத்திலிருந்து போட்டுப் பார்த்தார்கள், குலுக்கிப் பார்த்தார்கள், ஈர அறையில் வைத்துப் பார்த்தார்கள். பல மாதச் சோதனைக்குப் பிறகு ஆர்டர் கிடைத்தது.

அன்று தங்கராஜு இருவருக்கும் சிராங்கூன் சாலையில் பிரியாணி வாங்கிக் கொடுத்தார். "ஜெசிந்தாவ வர்ற மார்ச்சுல, பரீட்ச முடிஞ்சதும் கூப்பிட்டிரலாம்," என்றான் லாசரஸ். மேரி தலையாட்டினாள்.

ஆர்டர் வந்தது ஜூலையில். மழை நின்று போயிருந்தது. கொட்டகைக்குக் குழாய்த் தண்ணீர் இணைப்பு இன்னும் வரவில்லை. டிரம்மில் கொண்டுவந்துதான் எல்லாம் நடந்தது. இறால் குட்டை கடலோடு தொடர்புள்ள உப்புத் தண்ணீர். அதில் ஊறிய நாரை நல்ல தண்ணீரில் மூன்று தரம் அலச வேண்டும் என்பது மேரிக்குத் தெரியும். டிசம்பரில் அந்த வேலையை மழை செய்திருந்தது. ஜூலையில் ஒரு தரம் அலசினார்கள். உப்பு இருக்கிறதா என்று பார்க்கும் மருந்து அலமாரியில்தான் இருந்தது. அஸ்மத் லாரியை ஸ்டார்ட் செய்து வைத்துக்கொண்டு காத்திருந்தான். மேரி மருந்து பாட்டிலைத் திறக்கவில்லை.

அக்டோபரில் பிடோக்கிலிருந்து கூப்பிட்டனுப்பினார்கள்.

கொள்முதல் அதிகாரி மிஸ் கோ நல்ல மாதிரியான பெண். மேரியை உட்காரச் சொல்லித் தேநீர் வரவழைத்தபின், ஹாம்பர்க்கிலிருந்து திரும்பி வந்த ஒரு ரெக்கார்டரை மேசையில் வைத்தார். திருகாணிகளெல்லாம் துருவேறியிருந்தன. பேட்டரி போடும் இடத்தில் செப்புத் தகடுகளின் மேல் பச்சையாகப் பூத்திருந்தது. மிஸ் கோ அதைத் திருப்பித் திருப்பிக் காட்டினார். பிறகு இன்னொன்றை எடுத்து வைத்தார். அதுவும் அப்படியே.

கூடவே திரும்பி வந்திருந்த நார்த் துண்டு ஒன்றை மேரி எடுத்தாள். கையில் பிசுபிசுத்தது. நாக்கு நுனியில் வைத்துப் பார்த்தாள், உப்புக் கரித்தது. மிஸ் கோ முகத்தைச் சுளித்தார்.

"இது எங்கள் தவறு," என்று மேரி ஆங்கிலத்தில் சொன்னாள். "எனக்குக் காரணம் தெரியும். சரிசெய்ய முடியும்."

மிஸ் கோ மேசைக் காலண்டரைப் புரட்டினார். ஒரு மாதம் தந்தார். அதற்குள் புது மாதிரி வந்து தேறினால் ஆர்டர் தொடரும். இல்லையென்றால் பழையபடி ஸ்டைரோஃபோம்.

தங்கராஜு வெளியே காரில் காத்திருந்தார். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டே கடைவரை காரை ஓட்டினார். இறங்கும்போது, "மேரிம்மா, நான் இதுக்குமேல யார்கிட்டயும் போய் நிக்க முடியாது. இந்த ஒரு மாசம்தான் லா," என்றார்.

லாசரஸ் அவளைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று அவளுக்குத் தோன்றியது. அவன் ஒரு குச்சியை எடுத்துக்கொண்டு கொட்டகையைச் சுற்றி நடந்தான். பின்பக்கம் யாரோ எப்போதோ செங்கல்லுக்கு மண் எடுத்த பெரிய குழி இருந்தது. ஜூலையில் வறண்டு கிடந்த அதில் இப்போது மழைத் தண்ணீர் தேங்கி நல்ல தண்ணீராகக் கிடந்தது.

"இதுல கொண்டுவந்து அலசுவோம்," என்றான். "அழுக்குத் தண்ணிய பம்ப் வச்சு எறைச்சிரலாம். மழையும் ஆரம்பிச்சாச்சு, குழி தானா நெறயும்."

"எறைக்கிற தண்ணி?"

"ரோட்டோரம் கால்வா போகுதுல்லா. அதுல விட்டுருவோம்."

அவனே மண்வெட்டி எடுத்துக் குழியிலிருந்து சாலையோரக் கால்வாய்வரை ஒரு வாய்க்கால் வெட்டினான். லைன் இன்ஸ்பெக்டராக இருந்தபோது கையில் மண்படாத மனிதன். உள்ளங்கை கொப்பளித்து உடைந்து, துணியைச் சுற்றிக்கொண்டு மறுபடியும் வெட்டினான். இறால் குட்டையில் ஊறிய மட்டையையெல்லாம் அஸ்மத்தும் அவனும் வாரிக் கொண்டுவந்து குழியில் போட்டார்கள். குழித் தண்ணீர் ஒரே நாளில் டீ நிறமானது, பிறகு கறுத்தது. இறைத்தார்கள். மழை நிரப்பியது. மறுபடி கறுத்தது. மறுபடி இறைத்தார்கள். குட்டையில் இருந்தவரை இந்தக் கறுப்பைக் கடல் இழுத்துக்கொண்டு போயிருந்தது, கண்ணில் பட்டதே இல்லை.

இந்தமுறை மேரி ஒவ்வொரு நாளும் சோதித்தாள். நாரை நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்து, அந்தத் தண்ணீரைக் கண்ணாடிக் குழாயில் எடுத்து மருந்து விட்டதும் பால்போல வெளுத்தால் உப்பு. வெளுப்பு நாளுக்கு நாள் குறைந்தது. ஒருநாள் குழாயில் தண்ணீர் தெளிவாகவே நின்றது. அவள் குழாயை லாசரஸிடம் காட்டினாள். அவன் அதை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, சிலுவை போட்டுக்கொண்டான்.

புது மாதிரிகள் பிடோக்குக்குப் போயின. முடிவு வர ஒரு வாரம் ஆகும் என்றார்கள்.

அந்த வாரத்தில்தான் அப்துல் அஜீஸின் மீன்கள் செத்தன.

அஜீஸ் பாய் கால்வாயின் கீழ்ப்பக்கம் கப்பி என்ற அலங்கார மீன் வளர்ப்பவர். கடையநல்லூர்க்காரர். துறைமுகத்தில் வேலை செய்துவிட்டு, கையிலிருந்ததையெல்லாம் போட்டுச் சிமெண்டுத் தொட்டிகள் கட்டி, விசிறி வாலுள்ள சின்ன மீன்களை வளர்த்து ஜெர்மனிக்கும் அமெரிக்காவுக்கும் விமானத்தில் அனுப்பினார். ரமலானில் ஒருமுறை லாசரஸுக்குக் கஞ்சி கொடுத்தனுப்பியிருக்கிறார். தொட்டிகளுக்கு வேண்டிய தண்ணீரைக் கால்வாயிலிருந்துதான் பம்ப் வைத்து எடுத்தார். மேரிக்கு அது தெரியாது. கால்வாய் எங்கே போகிறது என்று அவள் நடந்துபோய்ப் பார்த்ததில்லை.

அஸ்மத்தான் செய்தி கொண்டுவந்தான். போய்ப் பார்த்தபோது தொட்டிகளின் மேல் மீன்கள் மிதந்தன. சிவப்பும் நீலமும் மஞ்சளுமாக, பூக்கடையில் மீந்ததைக் கொட்டியதுபோல. அஜீஸ் பாய் முழங்கால்வரை தண்ணீரில் நின்று வலையால் அள்ளிக்கொண்டிருந்தார்.

"பன்னிப் பண்ணைக்காரன் வேல," என்றார் அவர். "மேல இருந்து கழுவி விட்டிருக்கான். வர்ற வியாழக்கிழமை ஃப்ளைட்டுக்குப் போகவேண்டிய மீனு தங்கச்சி. எல்லாம் பேக்கிங் ஆகவேண்டியது."

தண்ணீர் டீ நிறத்தில் இருந்தது. மேரி திரும்பி நடந்தாள்.

அன்று மாலையே அவள் சிராங்கூன் சாலைப் பக்கம் ஒரு வளர்ப்பு மீன் கடையில் கொஞ்சம் கப்பி வாங்கினாள். மறுநாள் கொட்டகையில் இரண்டு பேசின்களை வைத்தாள். ஒன்றில் மழைத் தண்ணீர், மற்றதில் குழித் தண்ணீர். இரண்டிலும் மீன்களை விட்டு, ஸ்டூலைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். குழித் தண்ணீரில் விட்டவை முதலில் சுற்றிச் சுற்றி ஓடின. பிறகு எல்லாம் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. லாசரஸ் வந்து பக்கத்தில் நின்றான். ஒன்று பக்கவாட்டில் சாய்ந்தது. கொஞ்சநேரத்தில் மற்றவையும் சாய்ந்தன. அடுத்த பேசினில் மீன்கள் வாலை விசிறிக்கொண்டு நீந்திக்கொண்டிருந்தன.

"ஒருவேள பன்னிப் பண்ணத் தண்ணியும்..." என்று லாசரஸ் ஆரம்பித்தான்.

"இல்லங்க. இதாக்கும்."

அவள் அங்கேயே உட்கார்ந்திருந்தாள். கொளச்சலில் கதம்பை ஊறும் காயலில் மீன் கிடையாது. சின்ன வயசிலிருந்து பார்த்த விஷயம். ஏன் கிடையாது என்று சோதனைக்கூடத்தில் அத்தனை வருஷம் இருந்தும் அவள் கேட்டதில்லை. பொருள் மட்கிப்போகிறதா என்று பார்த்தாள். அதைச் செய்த தண்ணீர் எங்கே போய் என்ன செய்கிறது என்று பார்க்கவில்லை.

அடுத்த நாள் தங்கராஜு காரில் கொட்டகைக்கே வந்துவிட்டார். இறங்கும்போதே சிரித்துக்கொண்டு வந்தார். மாதிரி தேறிவிட்டது. துருவும் இல்லை, பூஞ்சையும் இல்லை. மிஸ் கோ முன்னைவிடப் பெரிய ஆர்டரே தருகிறார்.

மேரி அவரை உட்காரவைத்துப் பேசின்களைக் காட்டினாள், நடந்ததைச் சொன்னாள். தங்கராஜுவின் சிரிப்பு போய்விட்டது. எழுந்து வாசல்வரை போய்ச் சாலையைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தார்.

"யாருக்குத் தெரியும் இது?"

"நாங்க ரெண்டு பேருந்தான் அண்ணாச்சி."

"அப்ப அப்படியே இருக்கட்டும். மேரிம்மா, நான் சொல்றதக் கேளுங்க. அதிகாரிங்க வந்து பாத்தா பன்னிப் பண்ணைய பாப்பாங்க. அந்தப் பண்ணைங்களை எப்படியும் காலி பண்ணத்தான் போறாங்க, பேப்பர்லயே வந்துருச்சு. நாளைக்குப் போறது இன்னைக்குப் போகுது. நாம அடுத்த மாசம் இந்தத் தண்ணிக்கு வேற வழி பண்ணிக்கலாம். இப்ப வாயத் திறந்தீங்கன்னா எல்லாம் குளோஸ். என்னோட பேரு, உங்களோட பெர்மிட், எல்லாம்."

"அஜீஸ் பாய்க்கு?"

"அவருக்கு நான் ஏதாச்சும் பண்றேன். வேற விதமா. உதவின்னு." தங்கராஜுவின் குரல் தழைந்தது. "நான் கெட்டவன் இல்லம்மா. ஒன்றரை வருஷமா என் கடை லாபம் பூரா இங்கதான் வந்துருக்கு. எம் பொண்டாட்டி என்கிட்ட பேசறதில்ல."

அவர் போனபின் லாசரஸ் அச்சு இயந்திரத்தின் மேல் சாய்ந்து நின்றான். கையில் சுற்றியிருந்த துணியை அவிழ்ப்பதும் சுற்றுவதுமாக இருந்தான்.

"என்ன செய்ய?" என்று மேரி கேட்டாள்.

"வேண்டாம் மேரி."

"அஜீஸ் பாய் பன்னிப் பண்ணக்காரன்னு நெனச்சிட்டு இருக்காரு."

"நெனச்சிட்டுப் போறாரு." அவன் அவளை நேராகப் பார்க்கவில்லை. "நான் எதுக்கு வந்தேன்? நீ வான்னு சொன்ன, வந்தேன். நீ செஞ்சது நல்ல காரியம்னு நம்பி வந்தேன். இப்பவும் நம்புதேன். இப்ப இது போச்சுன்னா ஊர்ல எனக்கு என்ன இருக்கு? யாரு வீட்ல போய் நிக்க? ஜெசிந்தாகிட்ட என்ன சொல்ல? கொஞ்ச நாளு. தண்ணிக்கு ஒரு வழி பண்ணிட்டு அப்புறம் சொல்லு. இப்ப வேண்டாம். ஒனக்காகக் கேக்கல. எனக்காகக் கேக்கேன்."

கல்யாணமான நாளிலிருந்து அவன் தனக்காக எதையும் கேட்டதில்லை. மேரிக்கு அது தெரியும்.

அந்த ஞாயிறு கோயிலில் அவள் நற்கருணை வாங்க எழுந்து போகவில்லை. லாசரஸ் போய்விட்டு வந்து அவள் பக்கத்தில் மண்டியிட்டான். பூசை முடிந்து வெளியே வந்தார்கள். அவன் அறைக்குத் திரும்பினான். மேரி, தேக்கா மார்க்கெட்டில் காய் வாங்கிவருவதாகச் சொல்லிவிட்டு, கிராஞ்சி பஸ்ஸுக்குப் போய் நின்றாள். வெகுநேரம் நின்றாள். பஸ் வராமல் இருந்தால் நல்லது என்றுகூட நினைத்தாள். வந்தது.

அஜீஸ் பாய் தொட்டிகளைக் காலிசெய்து அடிப்பக்கத்தைத் தேங்காய் நாரால் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தார். அவளைப் பார்த்ததும், "டீ குடிக்கிறியா?" என்று கேட்டார்.

"பாய், மீன் செத்தது எங்க தண்ணியால," என்றாள் மேரி.

அவர் தேய்ப்பதை நிறுத்தவில்லை. "எந்தத் தண்ணி?"

"கதம்ப அலசின தண்ணி. கால்வாயில விட்டோம். பேசின்ல மீன விட்டுச் சோதிச்சுப் பாத்தேன். எங்களது தான்."

இப்போது நிறுத்தினார். "தெரிஞ்சு விட்டியா?"

"கால்வா எங்க போகுதுன்னு நான் பாக்கல. பாத்திருக்கணும்."

அஜீஸ் பாய் தொட்டிச் சுவரில் உட்கார்ந்தார். அவர் கத்துவார் என்று மேரி எதிர்பார்த்துக்கொண்டு நின்றாள்.

"நான் அந்தச் சீனன் வீட்டுக்குப் போய்ச் சண்ட போட்டேன்," என்றார். "அவன் வாசல்ல நின்னு வாய்க்கு வந்ததையெல்லாம் பேசினேன். அவன் பொண்டாட்டி அழுதுச்சு. கிழவன் ஒண்ணுமே திருப்பிச் சொல்லல. கையக் கூப்பிக்கிட்டே நின்னான். ரெண்டு நாளாச்சு." அவர் எழுந்தார். "நீயும் வா."

"எங்க?"

"அவன்கிட்டதான். நீ வந்து நில்லு. நான் சொல்றேன்."

பன்றிப் பண்ணைவரை இருவரும் பேசாமல் நடந்தார்கள். கிழவர் வெளியே வந்தார். அஜீஸ் பாயைக் கண்டதும் அவர் மனைவி உள்ளே போய்விட்டாள். பாய் மலாயில் பேசினார், மேரியைச் சுட்டிக்காட்டினார், தன் நெஞ்சில் கைவைத்து மறுபடி ஏதோ சொன்னார். மேரி தலைகுனிந்து நின்றாள். மலாய் அவளுக்கு மார்க்கெட் அளவுக்குத்தான் தெரியும். கிழவர் அவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு மெல்ல ஏதோ கேட்டார்.

"என்ன சொல்றாரு?"

"நீ எவ்வளவு நாளைக்கு இங்க இருப்பேன்னு கேக்குறான்," என்றார் அஜீஸ் பாய். "அவனுக்கு இடத்தக் காலிபண்ணச் சொல்லி வந்தாச்சாம். இந்த மண்ணுல நாப்பது வருஷம் இருந்திருக்கான்."

திரும்பும்போது சாலை பிரியும் இடத்தில் அஜீஸ் பாய் நின்றார்.

"தங்கச்சி, இப்ப போயிரு. பேச்சு வளர்ந்தா தப்பா ஏதாச்சும் சொல்லிருவேன். அதிகாரி வந்து கேட்டா நடந்ததச் சொல்லுவேன். கூட்டியும் சொல்ல மாட்டேன், குறைச்சும் சொல்ல மாட்டேன்."

அறைக்குத் திரும்பியபோது கையில் காய் எதுவும் இல்லை என்பதை லாசரஸ் பார்த்தான். செருப்பில் ஒட்டியிருந்த செம்மண்ணையும் பார்த்தான். எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனான். வந்தபின் பேசவில்லை. மறுநாளும் பேசவில்லை.

அதற்குப் பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. மீன் செத்ததை விசாரிக்க அதிகாரிகள் வந்தார்கள், பாயும் மேரியும் நடந்ததைச் சொன்னார்கள். மரியாதையாகத்தான் பேசினார்கள். கால்வாய் போய்ச் சேரும் இடத்தில் ஆற்று முகத்துவாரத்தை மறித்துக் கட்டிய நீர்த்தேக்கம் இருக்கிறது, ஊர் குடிக்கும் தண்ணீர், இந்தப் பக்கத்தில் எந்தக் கழிவுநீரும் கால்வாயில் விழக்கூடாது என்றார்கள். பம்பை நிறுத்தச் சொன்னார்கள். மேரி அவர்களிடம் ஒரு வழி கேட்டாள்: தொட்டி கட்டித் தெளியவைத்தால், கரியில் வடிகட்டினால், காற்றடித்துப் புளிக்கவைத்தால்? அதற்கு வேண்டிய இடமும் இயந்திரமும் வைத்துக்கொண்டு, அனுமதி பெற்று நடத்தலாம் என்றார் ஓர் அதிகாரி. உண்மையாகவே அவளுக்கு உதவ விரும்பியவர்போலத்தான் இருந்தார். ஆனால் அது ஒரு கோழிக் கொட்டகையில் நடக்கிற காரியம் இல்லை.

அவள் விடவில்லை. இரண்டு வாரம் டிரம்களை வைத்துக்கொண்டு மணல், கரி, சுண்ணாம்பு என்று மாற்றி மாற்றி வடிகட்டினாள். தண்ணீர் கறுப்பிலிருந்து பழுப்பானது. அதில் விட்ட மீன்கள் கூடுதலாகக் கொஞ்சநேரம் உயிரோடு இருந்துவிட்டுச் செத்தன. கடைசி டிரம்முக்குப் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்து, பேசினை மடியில் வைத்துக்கொண்டு, வாய்விட்டு அழுதாள். ஆர்டர் வந்தபோது வேலைக்குச் சேர்த்திருந்த பெண்களை அஸ்மத் ஏற்கெனவே வேறொரு தோட்டத்துக்கு அழைத்துப் போயிருந்தான். கொட்டகையில் அவளும், ஒரு மூலையில் பம்பைக் கழற்றிக்கொண்டிருந்த லாசரஸும்தான். அவன் அழுகையைக் கேட்டான். ஸ்பானரைக் கீழே வைத்தான். பிறகு மறுபடி எடுத்துக்கொண்டான்.

தங்கராஜு கடையில் வைத்துத்தான் கடைசியாகப் பேசினார். "நான் உங்களத் திட்டப்போறதில்ல மேரிம்மா. நீங்க செஞ்சது சரியா தப்பான்னு நான் ஆராயவும் இல்ல. மிஸ் கோகிட்ட ஸ்டைரோஃபோமே நான் சப்ளை பண்றேன்னு சொல்லிட்டேன். என்ன பண்றது, நானும் நிக்கணும் லா. பெர்மிட்ட இந்த மாசத்தோட முடிச்சுக்கலாம். கப்பல் டிக்கெட் என் பொறுப்பு."

"சரி அண்ணாச்சி," என்றாள் மேரி. அவருடைய கண் கலங்கியிருந்தது. அவர் அதை மறைக்க அட்டைப்பெட்டிகளை எண்ணுகிறவர்போலத் திரும்பிக்கொண்டார்.

மீதமிருந்த நாட்களில் லாசரஸ் காலையில் எழுந்து எங்கோ போய்விட்டு மாலையில் சேறும் பாசியுமாக வந்தான். எங்கே போகிறான் என்று அஸ்மத்தான் மேரியிடம் சொன்னான். அஜீஸ் பாயின் தொட்டிகளைக் கழுவுகிறான், கால்வாயிலிருந்து இனிமேல் தண்ணீர் எடுக்காமலிருக்க மழைநீர் பிடிக்கும் கூரையும் குழாயும் போட்டுக் கொடுக்கிறான். பாய் அவனை வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. மத்தியானம் ஒரு தட்டில் சோறு மட்டும் வைத்தாராம்.

1983 பிப்ரவரியில் சென்னைக் கப்பலில் ஏறினார்கள். கீழ்த்தளத்தில் படுக்கை. சுற்றிலும் ஊருக்கு டேப் ரெக்கார்டரும் மின்விசிறியும் கொண்டு போகிறவர்கள். இவர்களிடம் வந்தபோது இருந்த பெட்டிகள்தான். மேரி மேல்தளத்துக்குப் போய்க் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். விடிந்து வெயில் ஏறியிருந்தது. மலாக்கா நீரிணை சலனமில்லாமல் கிடந்தது. ஊருக்குப் போய் என்ன செய்வது என்று அவள் நினைத்துப் பார்த்தாள். பழைய சோதனைக்கூடத்தில் அவளுடைய இடத்தில் வேறொருத்தி இருக்கிறாள். கான்வென்ட் பள்ளியில் சயின்ஸ் டீச்சர் வேலை கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம். லாசரஸுக்கு வாரியத்தில் கதவு அடைத்தாகிவிட்டது. ஜெசிந்தா எவ்வளவு வளர்ந்திருப்பாளோ, பாவாடைகள் எல்லாம் குட்டையாகியிருக்கும்.

லாசரஸ் இரண்டு தம்ளர்களில் டீ வாங்கிக்கொண்டு வந்தான். ஒன்றை அவளிடம் நீட்டினான். வாரக்கணக்கில் அவன் அவளிடம் தேவைக்குமேல் ஒரு வார்த்தை பேசியிருக்கவில்லை.

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லிட்டுப் போயிருக்கலாம்," என்றான்.

"கேட்டேன். வேண்டாம்னு சொன்னிய."

"ஆமா. சொன்னேன்." டீயை ஊதிக் குடித்தான். "திரும்பக் கேட்டாலும் அதத்தான் சொல்லுவேன்."

"தெரியும்."

"தெரிஞ்சும் போவ."

காற்றில் அவள் முந்தானை பறந்து அவன் தம்ளரில் பட்டது. அவன் அதை எடுத்து அவள் தோளில் போட்டுவிட்டான். கையின் கொப்பளங்கள் ஆறி, தோல் தடித்துக் காய்த்திருந்தது.

"ஜெசிந்தாகிட்ட நான் சொல்லுதேன்," என்றான் லாசரஸ். "நீ சொல்லாண்டாம். நீ எல்லாத்தையும் ஒம்மேல போட்டுச் சொல்லுவ."

"நீங்க என்ன சொல்லுவிய?"

அவன் யோசித்தான். கீழ்த்தளத்தில் சாப்பாட்டுக்கு மணி அடித்தது. ஆட்கள் தட்டுகளோடு ஓடத் தொடங்கினார்கள்.

"இன்னும் தெரியல," என்றான். "சென்னை வர்றதுக்குள்ள யோசிக்கேன். வா, சாப்பாடு தீந்துரும்."

அவன் முன்னால் இறங்கினான். மேரி மிச்ச டீயைக் குடித்துவிட்டு, கம்பியைப் பிடித்துக்கொண்டு பின்னால் இறங்கினாள்.